ஓட்டை அக்காவின் சோப்புத் தண்ணீர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் ஓட்டை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ வசவு என்று நினைத்து முதல் நாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "என் வேலையே அதுதாங்க, ஓட்டை பாக்கிறது" என்பாள்.

வேலை கேட்டு வந்த அன்றைக்கே ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்கு முன்னால் பதினாறு வருடம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் மாட்டுவார்களே, அந்த மெல்லிய ரப்பர் கையுறை. ஒவ்வொன்றையும் காற்றடித்து உப்ப வைத்து, விளக்குக்கு எதிரே திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கழித்துப் போட வேண்டும். பிறகு நிர்வாகம் அந்த வேலைக்கு ஓர் இயந்திரத்தை வாங்கிப் போட்டது. சோதனை வரிசையில் இருந்த நாற்பது பெண்களும் ஒரே நாளில் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஐந்து மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தபோது, பாத்திரம் கழுவவும் மேசை துடைக்கவும்தான் ஆள் கேட்கிறார்கள் என்று நினைத்துப் போனாள்.

அங்கே தலைமையில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லாருக்கும் அவர் 'டாக்டர்'. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். வார்த்தையை அளந்து பேசுகிறவர். வட்டச் சட்டங்களில் இழுத்து ஒட்டிய பத்து மெல்லிய ரப்பர் தோல்களை மேசைமேல் வைத்து, "இதுல ஒண்ணுல ஓட்டை இருக்கு. எதுன்னு சொல்லுங்க" என்றார்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இரண்டை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"ஒண்ணுன்னுதானே சொன்னேன்?"

"நீங்க குத்தினது இது. இன்னொண்ணு தானா விழுந்தது."

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். இருந்தது. டாக்டர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து, "நாளைக்கே வர முடியுமா?" என்று கேட்டார்.

அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்தது இயந்திரக் கைக்கான தசை. மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, சத்தம் இல்லை. ரப்பர் மாதிரி இழுபடுகிற ஒரு கலவையைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, கத்திபோல ஒரு பட்டையால் ஒரே சீராக வழித்து, சூடான பெட்டிக்குள் வைத்து எடுத்தால் தலைமயிரை விட மெல்லிய தோல் உரிந்து வரும். அதன் இரண்டு பக்கமும் கரிப்பசை பூசி மின்சாரம் கொடுத்தால், இரண்டு கரிப்பூச்சும் ஒன்றை ஒன்று இழுக்கும். நடுவில் அகப்பட்ட தோல் நசுங்கி அகலமாகும். மின்சாரத்தை நிறுத்தினால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். இப்படி நூற்றுக்கணக்கான தோல்களை அடுக்கினால் அது ஒரு தசை. ஒரே ஒரு தொல்லை, கொடுக்க வேண்டிய மின்சாரம் நாலாயிரம் வோல்ட். தோலில் எங்கேயாவது ஒரு பொட்டு ஓட்டை இருந்தால் மின்சாரம் அந்த வழியாகப் பாயும். 'பட்'டென்று ஒரு பொறி, கருகல் வாசனை, அவ்வளவுதான். நூறு தோலில் ஒன்று பழுது என்றாலும் தசை முழுவதும் குப்பைக்கூடைக்குத்தான்.

ஆகவே அவள் கண்தான் அந்தக் கூடத்தின் வாசல். அவள் பார்த்துச் சரி என்றால் உள்ளே போகும். இல்லையென்றால் கழிவு டிரேயில் விழும். ஆறு வருடம் அப்படித்தான் நடந்தது.

நாற்பத்து நாலாவது வயதில் அந்தக் கண் தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் இருந்த எழுத்துகள் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தன. பிறகு போனைத் தள்ளிப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. மகள் பத்தாவது படிக்கிறவள், வாய்த்துடுக்குக்காரி. "அம்மா, போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு இங்கேருந்து படியேன், இன்னும் பளிச்சுன்னு தெரியும்" என்றாள். கணவரோடும் மகளோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு சமையலறைக்குப் போய், அலமாரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

காரணம் இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். கடைசி வரியைப் படிக்க முடியாதவர்களை அன்றைக்கே வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளுடைய சொந்த அக்கா அதே வரிசையில் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவள். ஒரு திங்கட்கிழமை கடைசி வரியில் தடுமாறினாள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் அங்கேயும் ஆள் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். கண் போனால் வேலை போச்சு என்பது அவளுக்குப் பழமொழி இல்லை, கண்கூடாகப் பார்த்தது.

அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தோலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கை நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டே. ஒரு புதன்கிழமை அவள் சரி என்று அனுப்பிய தோல் சோதனை அறையில் பொறி தட்டியது. "ஓட்டை அக்காவுக்கே ஒரு ஓட்டை தப்பிடுச்சு" என்று யாரோ கேலி பேசினார்கள். கேலிதான். ஆனால் அவளுக்கு அந்த அட்டையின் கடைசி வரி ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் அரைமணி நேரம் முன்னதாகவே வேலைக்கு வந்தாள். கழுவும் அறையில், டப்பாக்களுக்குப் பின்னால், வீட்டிலிருந்து கொண்டுவந்த காலி பிளாஸ்டிக் ஜாம் பாட்டில் ஒன்றை வைத்தாள். அதன் அடியில் துளை போட்டுக் குழாய் செருகி, குழாயின் மறுமுனையில் அமுக்கினால் காற்று தள்ளும் ரப்பர் குமிழைப் பொருத்தினாள். பாட்டில் வாய்மேல் தோலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே தூரிகையால் சோப்புத் தண்ணீர் தடவி, அடியிலிருந்து காற்றை அமுக்குவாள். தோல் ஒரு சின்ன மேடாக உப்பும். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நுரைமுட்டை கிளம்பும். அதைப் பார்க்கக் கூர்மையான கண் தேவையில்லை. பிறகு தோலைத் துடைத்து, காய வைத்து, ஒன்றும் தெரியாதவள் போல மேசையில் வரிசையாக வைத்துவிடுவாள்.

முறை பிரமாதமாக வேலை செய்தது. கண்ணுக்கே அகப்படாத ஓட்டைகளெல்லாம் நுரைவிட்டுக் காட்டிக்கொடுத்தன. ஒரு வாரம் அவள் மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் சனி பிடித்தது. அந்தத் தோல்களுக்குக் கரி பூசி, அடுக்கி, சோதனை அறைக்குக் கொண்டுபோனபோது ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் தொடங்கின. நாலாயிரம் தாங்க வேண்டியது ஆயிரத்து எண்ணூறிலேயே போய்விட்டது.

அவள்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் அதே வாரத்தில்தான் கலவைக்காரர் புது மூலப்பொருள் டிரம்மைத் திறந்திருந்தார். கலவைக்காரர் என்பது கூடத்தில் எல்லாரும் வைத்த பெயர். முப்பத்தைந்து வயசு இருக்கும். அந்த ரப்பர் கலவை அவருடைய மூன்று வருட உழைப்பு. எல்லார் பார்வையும் டிரம்மின்மேல் போயிற்று. டிரம்மிலிருந்து கலவைக்கும் கலவையிலிருந்து கலவைக்காரருக்கும் போயிற்று. அவர் அளவை மாற்றினார், சூட்டை மாற்றினார், பழைய டிரம்மின் அடியில் இருந்ததைச் சுரண்டி எடுத்துச் செய்து பார்த்தார். பதினோரு முறை செய்தார். பதினோரு முறையும் வெடித்தது.

அவளும் அவருக்காக வருத்தப்பட்டாள். பாவம், நல்ல மனுஷன், கலவை காலை வாரிவிட்டதே என்று உண்மையாகவே நினைத்தாள். ஆனால் வருத்தத்துக்கு அடியில், நம்ம தப்பு இல்லை என்கிற நிம்மதியும் கொஞ்சம் இருந்தது. பின்னால் அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்குக் கூசும்.

கலவைக்காரர் சாப்பிட வருவதை நிறுத்தினார். வணக்கம் சொன்னால் தலையசைப்பார், அவ்வளவுதான். நாலாவது வாரம் டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"கை இழந்தவங்களுக்குச் சிகிச்சை பண்ற மருத்துவமனையிலேருந்து அடுத்த மாசம் நம்ம தசையைப் பாக்க வர்றாங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாகலைன்னா பழைய கலவைக்கே திரும்பிடலாம்."

இவருடையதற்கு முந்தைய அந்தப் பழைய கலவையில் செய்த தசை ஒரு கரண்டியைத் தூக்கும். அதற்கு மேல் தூக்காது. கலவைக்காரர் எழுந்து போனார். தன் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார். வீட்டைக் காலி பண்ணுகிறவன் சாமான் அடுக்குவதுபோல இருந்தது அது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவர் கடைசி முயற்சியாக ஒரு காரியம் செய்தார். வெடித்த நாற்பது தோல்களையும் படம் எடுத்து, எல்லாப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பொறி தட்டிய இடங்களை மட்டும் கறுப்புப் புள்ளியாகப் போட்டுச் சுவர்த் திரையில் காட்டினார்.

புள்ளிகள் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கவில்லை. அச்சு அசலாக ஒரு வட்டத்தில் நின்றன.

"ஏன் வட்டமா வருதுன்னு புரியல" என்றார் கலவைக்காரர். "சட்டம் அழுத்துதோன்னு பாத்தேன். சட்டம் இதைவிடப் பெருசு."

அவள் கழுவிய கண்ணாடித் தட்டுகளைக் கையில் ஏந்தியபடி கதவோரம் நின்றிருந்தாள். கிட்டத்தில் உள்ளதுதான் அவளுக்குத் தெரியாது. தூரத்தில் இருந்த அந்தத் திரை துல்லியமாகத் தெரிந்தது. அந்த வட்டத்தின் அளவை உலகத்தில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. தினமும் காலையில் அவள் தோலை வைத்து அழுத்திப் பிடிக்கிற ஜாம் பாட்டில் வாய் அது.

தோல் மேடாக உப்பும்போது சோப்புத் தண்ணீர் வழிந்து ஓரத்தில்தான் தேங்கும். துடைத்தாலும் சோப்பின் உப்பு அங்கே படிந்திருக்கும். அந்தக் கூடத்தில் ஆறு வருடம் இருந்தவளுக்கு அந்த உப்பு மின்சாரத்துக்கு வழி காட்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தட்டுகளை மேசைமேல் மெதுவாக வைத்தாள். அப்படியும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. மணி ஐந்தடித்ததும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மாடிப்படியில்தான் ஏறுவார், "என் வேலை லட்சணம் எனக்குத் தெரியும்" என்று அதற்குக் காரணமும் சொல்வார். சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு லிப்ட் நின்னுபோச்சு. யாரோ ஏதோ பண்ணித்தான் நின்னுதுன்னு வெச்சுக்கோங்க. அந்த ஆளைக் கண்டுபிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுப்பேன்."

"வெளையாடாதீங்க."

"வெளையாட்டு இல்ல. என்ன பண்ணினேன்னு அவன் சொல்லிட்டா எனக்குப் பத்து நிமிஷ வேலை. சொல்லாம கூட்டத்தோட கூட்டமா நின்னு வேடிக்கை பாத்தான்னா, நான் மேலேருந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாக்கணும். நாள் முழுக்க வீணாகும். எனக்குக் கோவம் வர்றது அவன்மேலதான்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, நீ என்ன பண்ணின?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கண், பாட்டில், சோப்பு, வட்டம், பதினோரு முறை.  மகள் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வந்து கதவருகே நின்றாள்.

"வேலையை விட்டு அனுப்பிடுவாங்க" என்றாள் கடைசியில்.

"அனுப்பினா அனுப்பட்டும். அந்த மனுஷன் பாவம் இல்லையா? காலையில முதல் வேலையாச் சொல்லிடு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டர் அறைக்குப் போனபோது கலவைக்காரரும் அங்கே இருந்தார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கால் ஒருகணம் தயங்கியது. ஆனால் கையில் ஜாம் பாட்டில் இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"அந்த வட்டம் இதுதான்."

இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். கண் தெரியாமல் போனதை முதலில் சொன்னாள், அதுதான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாகவே வந்தது. 

கலவைக்காரர் எழுந்து நின்றார். திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ... கலவை நல்லாத்தான் இருக்கு?" என்றார் அவர்.

அவள் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, கலவையில ஒண்ணும் இல்லைங்கறீங்களா? புது டிரம்மும் நல்லதுதானா?"

"எனக்குத் தெரிஞ்சு அப்படித்தான் தம்பி."

அவர் பாட்டிலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வெளியே நடைபாதைக்குப் போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம், தலைமுடி, சட்டைக் காலர் எல்லாம் ஈரமாக இருந்தது.

டாக்டர் முகம் மட்டும் இளகவில்லை. "உக்காருங்க" என்றார். "உங்க கண்ணு எனக்குப் பிரச்சினை இல்ல. அது யாருக்கும் வரும். நீங்க எங்கிட்ட சொல்லாம விட்டதுதான் பிரச்சினை. ஒரு மாசமா இவர் தூங்கல, நான் தூங்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு லென்ஸ் வாங்கி மாட்டியிருப்போம்."

"தப்புதான் டாக்டர்."

"உங்க தப்பு மட்டும் இல்ல." அவர் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பதினோரு தடவை கலவையைக் கிண்டினோமே தவிர, இந்தத் தோல் எந்த வழியா நம்ம கைக்கு வருதுன்னு எங்கள்ல ஒருத்தரும் கழுவுற ரூமுக்கு வந்து பாக்கல. சரி. இது வெறும் ஊகம்தான். நிரூபிக்கணும். இன்னிக்கு ஒரே கலவையில பத்துத் தோல் போடுங்க. அஞ்சுக்கு இந்தச் சோப்பு, அஞ்சுக்கு ஒண்ணும் வேண்டாம். எது எதுன்னு நீங்க மட்டும் குறிச்சு வெச்சுக்கோங்க, எங்ககிட்ட சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை பாப்போம். வெள்ளிக்கிழமைக் கெடு அது வரைக்கும் தள்ளி நிக்கட்டும்."

அன்று அவள் தோல் வழித்தபோது பட்டை ஒரு தடவைகூடத் தடம் மாறவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ நகர்த்தி வைத்தமாதிரி மூச்சு இறங்கி வந்தது. வேலை இருக்குமா போகுமா என்பதுகூட அன்றைக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

சனிக்கிழமை கணவர் அவளைக் கண் பார்க்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார், மகளும் ஒட்டிக்கொண்டாள். இருட்டறையில் மோவாயை ஒரு கருவியில் பதித்து உட்கார்ந்திருந்தபோது, என்னென்னவோ நோய்களின் பெயர்கள் அவள் மனதில் வந்து போயின. பரிசோதித்தவர் ஓர் இளம்பெண். கருவியை நகர்த்திவிட்டு, "வெள்ளெழுத்து" என்றார்.

"அப்படின்னா?"

"நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதும்மா. கண்ணு நல்லா ஆரோக்கியமா இருக்கு. கிட்டப் பாக்கறதுக்கு மட்டும் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்ற சொல்லை அவள் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். இதற்கிடையில், சும்மா துணைக்கு வந்த கணவரையும் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அவருக்கு அட்டையில் பாதிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. லிப்ட் பொத்தானில் இத்தனை வருடம் ஏழாம் எண்ணை ஒன்று என்று படித்துக்கொண்டிருந்தாரா என்று மகள் கேட்டதற்கு, "அதனாலதான் மாடிப்படியில ஏறினேன்" என்றார். இரண்டு கண்ணாடிகளாக வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிறும் திங்களும் அவளுக்கு ஒரு விசித்திரமான கவலை. ஒருவேளை சோப்பு காரணம் இல்லையென்றால்? வட்டம் தற்செயலாக அமைந்திருந்தால்? அப்போது கலவைக்காரர் மறுபடி பழைய இருட்டுக்கே போய்விடுவார், அவள் கொடுத்த நம்பிக்கையும் சேர்ந்து அவரை அழுத்தும். தப்பு தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆள், அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை அறையில் மூன்று பேரும் கூடினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் தோலை மாட்டிக் கதவைச் சாத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கலவைக்காரர் குமிழைத் திருப்பினார். ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து எழுநூறில் 'பட்'டென்று பொறி தட்டியது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையில் இருந்த சீட்டைத் திறக்கவில்லை.

இரண்டாவது தோல். ஆயிரம். இரண்டாயிரம். மூவாயிரம். தோலின் நடுவே கரிவட்டம் மெல்ல மெல்ல அகன்றது, கண்மணி விரிவதுபோல. நாலாயிரம். யாரும் அசையவில்லை. நாலாயிரத்து ஐந்நூறு. இன்னும் தாங்கியது.

"நிறுத்தட்டுமா?" என்றார் கலவைக்காரர். 

"ஏன் நிறுத்தணும், போங்க" என்றார் டாக்டர்.

ஐயாயிரத்து இருநூறில்தான் வெடித்தது. அந்த வெடிச்சத்தம் மூன்று பேருக்கும் சங்கீதமாகக் கேட்டது. பத்தையும் முடித்த பிறகு அவள் சீட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். சீக்கிரம் போன ஐந்தும் சோப்பு தடவியவை. தாங்கிய ஐந்தும் தடவாதவை. ஒன்றுகூட மாறவில்லை.

கலவைக்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பசிக்குது" என்றார். ஒரு மாதத்தில் அவர் சொன்ன முதல் சாதாரண வாக்கியம் அது. அவள் தன் பையில் இருந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்தபடியே முழுவதையும் சாப்பிட்டார். அறைக்குள் சாப்பிடக் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். டாக்டர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, கீழே சைக்கிள்கள் நிறுத்தியிருப்பதை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவளிடம், "காத்து அமுக்கிப் பாக்கற முறை நல்ல முறை. அதை விட வேண்டாம். சோப்புக்குப் பதிலா மிச்சம் வைக்காம ஆவியாப் போற ஸ்பிரிட்டைத் தடவிப் பாக்கலாம். எப்படிப் பண்ணணும்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். "இனிமே யாரு எதை மாத்தினாலும், டப்பா இருந்த இடம் மாறினாக்கூட, ஒரு நோட்டுல எழுதணும். நானும் எழுதணும்."

"அப்போ நான் வேலைக்கு வரலாமா டாக்டர்?"

டாக்டருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும், "நீங்க வரலைன்னா அந்த நோட்டை யாரு எழுதறது?" என்றார்.

மருத்துவமனையிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். மேசைமேல் பொருத்தியிருந்த கை, நீர் நிரம்பிய ஒரு காகிதக் கோப்பையைப் பிடித்தது. கோப்பை நசுங்கவில்லை. ஒரு சாண் உயரம் தூக்கியது, நிறுத்தியது, திரும்ப வைத்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மோட்டார் சத்தம் ஏதும் இல்லாததால் பார்க்கிறவர்களும் சத்தமில்லாமல் நின்றார்கள். வந்தவர்களில் ஒருவர், "இது எத்தனை தடவை தாங்கும்?" என்று கேட்டார். கலவைக்காரர் அவளைக் கைகாட்டி, "அதை இவங்ககிட்டதான் கேக்கணும்" என்றார்.

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "இருபதாயிரம் தடவை வரைக்கும் எண்ணியிருக்கோம். அதுக்கு மேல எண்ண ஆரம்பிச்சிருக்கோம், இன்னும் முடியல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கட்டம் சேர்ந்தே செய்யலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு மூன்று மணிக்கெல்லாம் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார் டாக்டர். பஸ் காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெயில் மடியில் விழுந்தது. இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் கண் சொக்கிவிட்டது. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து, "அம்மா, இதுக்கு மேல பஸ் போகாது" என்று எழுப்பினார். அவள் இறங்க வேண்டிய இடம் ஏழு நிறுத்தத்துக்கு முன்னாலேயே போயிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"தூங்கிட்டேங்க. பஸ் டிப்போ வரைக்கும் வந்துட்டேன்."

"நல்லாத் தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேன்."

"அப்போ அங்கேயே இரு, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.